பாப்பாவோட பின்சக்கரம்

கால்ல இடிக்குதுங்களாண்ணா? இருங்க, இப்படித் திருப்பிக்கறேன். பயப்படாதீங்க, சைக்கிள் பல்சக்கரத்துக்குத் துணி சுத்தியிருக்கேன், உங்க வேட்டியில கிரீஸ் படாது. பட்டாலும் வெள்ளை வேட்டிக்குக் கரை வச்ச மாதிரி நல்லாத்தான் இருக்கும். சும்மா சொன்னேங்ணா, படாது.

மேல வைன்னாருங்க கண்டக்டர். மேல வச்சா எவனாச்சும் அது மேல அரிசி மூட்டையத் தூக்கிப் போடுவான். சரி பின்னாடி டிக்கியில போடுன்னாரு. தொறந்து பாத்தேன், உள்ள ரெண்டு கூடை நெறையக் கோழி. கோழிக்கு மூக்கு சும்மா இருக்காதுங்ணா, டயரு பொரியா கடலையான்னு கொத்திப் பாக்கும். முடியாதுன்னுட்டேன். "அப்ப மடியில வச்சுத் தாலாட்டு"ன்னுட்டுப் போயிட்டாரு. அதான் சிங்காநல்லூர்லருந்து தாலாட்டிட்டு வரேன்.

திருச்சிங்ணா. நீங்க? கரூரா. சரி, அப்ப நேரம் கெடக்குது.

சண்டைக்குப் போறேன். சிரிக்காதீங்க, நெஜமாத்தான். தங்கச்சிகூடச் சண்டை. சக்கரத்தை எடுத்துட்டுச் சண்டைக்குப் போனது எனக்கு முன்னாடி கிருஷ்ணர் ஒருத்தருதான். அவருக்கு என்ன கவலை, அவரு சக்கரத்துக்குக் காத்தடிக்க வேண்டியதில்ல.

இத அமுத்திப் பாருங்ணா. கட்டை வெரல வச்சு நல்லா அமுத்துங்க. கல்லு மாதிரி இருக்குதில்ல? உள்ள டியூபு கெடையாது. வெறும் காத்து. ஆமா, பைக்குல வர்ற டியூப்லெஸ் மாதிரியேதான். ஆனா பைக்குக்குக் கம்பெனியில செஞ்சு தருவான். இது நான் வீட்டுல செஞ்சது. ரிம்முல கம்பி மாட்டற ஓட்டை வரிசையா இருக்குது பாருங்க, அத மொதல்ல டேப்பு போட்டு அடைக்கணும். அப்பறம் டயர மாட்டி, உள்ள கொஞ்சம் ரப்பர் பால ஊத்தி, காத்த அடிச்சோம்னா டயரு போயி ரிம்மோட கன்னத்துல ஒட்டிக்கும். ஓட்டறப்ப முள்ளு குத்துச்சுன்னா அந்தப் பாலு ஓடி வந்து ஓட்டைய அடைச்சிரும். நாம எறங்கக்கூட வேண்டியதில்ல.

கேக்கறதுக்குச் சுலபமா இருக்குதில்ல? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

என் பேரு பூவரசனுங்க. ஆவாரம்பாளையம். அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டறவரு. போர் மோட்டார் பொகைஞ்சு போச்சுன்னா தூக்கிட்டு வருவாங்கல்ல, அந்தக் கருகுன கம்பியப் பிரிச்சுட்டுப் புதுசாச் சுத்தறது. கோயமுத்தூர்ல பாதிக் கெணத்துக்கு எங்கப்பா கை பட்டிருக்கும். நானா? நான் மெக்கானிக்கல் மூணாவது வருசம் வரைக்கும் போனேன். அங்க ஒரு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்து வரல. அப்பறம் இன்னொரு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்து வரல. கடைசியில பாத்தா மொத்தக் காலேஜுக்குமே என்கூட ஒத்துப்போகத் தெரியல. ஒரு காலேஜுல எத்தனை பேருங்ணா தப்புப் பண்ணுவாங்க? அதான் வந்துட்டேன். அப்பறம் கொரியர்ல கொஞ்ச நாள். அந்த மேனேஜரு காலையில ஏழு மணிக்கே வரச் சொல்றாரு. ஏழு மணிக்கு எவன் வீட்டுல கதவு தொறப்பான்? அப்பறம் மீன் தொட்டி யாவாரம். அதுல மீனுங்க ஒத்துழைக்கல.

காலேஜ விட்டதுலருந்து அப்பா என்கூடப் பேசறதில்லீங்ணா. சண்டை சச்சரவெல்லாம் இல்ல. பேசறதில்ல, அவ்வளவுதான். எதாச்சும் சொல்லணும்னா அம்மாவப் பாத்துச் சொல்லுவாரு. "மோட்டார அமத்தச் சொல்லு"ம்பாரு. நான் சுவிட்சுக்குப் பக்கத்துலதான் நின்னுட்டு இருப்பேன். அம்மா என்னப் பாத்து, "மோட்டார அமத்துவியாம்"ம்பாங்க. எங்க வீட்டுல எனக்கும் அப்பாவுக்கும் நடுவுல அம்மாதான் மொழிபெயர்ப்பு.

சரி, தங்கச்சி கதைக்கு வரேன். பிரகல்யான்னு பேரு. நாங்க பாப்பாம்போம். காலேஜு படிக்கறா, முழுசாப் படிச்சிருவா போல, அந்த மாதிரி பொண்ணு. சைக்கிள் ரேஸ் ஓட்டறவ. ரோட்டுல இல்லீங்ணா, மண்ணுல. மேடு பள்ளம், கல்லு, ஓடை, இதுக்குள்ளயெல்லாம் பூந்து ஓட்டணும். மாவட்டத்துல மொத மூணு பேருக்குள்ள வந்தா மாநிலப் போட்டிக்கு விடுவாங்க. மாநிலத்துல எடம் புடிச்சா வெளையாட்டுக் கோட்டாவுல வேலைக்கு வழி இருக்குது. எங்க வீட்டுல வேலைக்கு வழி இருக்கற ஒரே ஆளு அவதான்னு ஒறம்பரை, சொந்தமெல்லாம் பேசிக்குவாங்க. என் காதுபடத்தான் பேசுவாங்க.

அவளுக்கு இருந்த ஒரே எதிரி நெருஞ்சி முள்ளுங்ணா. அவ பழகற எடம் ஒரு காஞ்சு போன குட்டை. மஞ்சப் பூவாப் பூத்துக் கெடக்கும், பாக்க அழகா இருக்கும், அத்தனையும் நெருஞ்சி. போனா பஞ்சர், வந்தா பஞ்சர். ஒருநாள் குட்டையிலருந்து வீடு வரைக்கும் உருட்டிட்டே வந்தா. சைக்கிளச் செவுத்துல சாச்சு வச்சுட்டு, டயருல இருந்த முள்ளையெல்லாம் ஒவ்வொண்ணாப் புடுங்கி ஒரு கிண்ணத்துல போட்டுட்டு இருந்தா. கண்ணுல தண்ணி. ரேஸுக்கு இன்னும் மூணு வாரமோ என்னமோ.

அன்னிக்குச் சொன்னேன். பாப்பா, உனக்கு நான் டியூப்லெஸ் போட்டுத் தரேன், இனி நீ முள்ளப் பாத்துச் சிரிச்சுட்டே போலாம்னு. அவ என்னப் பாத்தா. அம்மாவும் பாத்தாங்க. அந்தப் பார்வைய மட்டும் நான் கவனிக்காம விட்டுட்டேன். அப்பவே புடிச்சிருக்கணும்.

எறங்கிட்டேங்ணா வேலையில. கடையில விக்கற பாலு நமக்குக் கட்டுபடியாகாது. பூபதின்னு என் தோஸ்து ஒருத்தன், அவனுக்கு மாமா வீடு பாலக்காட்டுப் பக்கம், ரப்பர் தோட்டம். அங்கருந்து ஒரு கேன் ரப்பர் பாலு வந்துச்சு. அது கெட்டியாகாம இருக்கறதுக்கு என்னமோ மருந்து கலந்திருப்பான், மூடியத் தொறந்தா மூத்தரச் சந்துல மாட்டுன மாதிரி இருக்கும். அதுல அம்மாவோட மொளகுத்தூளப் போட்டேன். ஏன்னா, பாலு மட்டும் போனா ஓட்டையில நிக்காதுங்ணா, சின்னச் சின்னத் தூளு இருந்தாத்தான் போயி அடைச்சுக்கும். அம்மா அன்னிக்கு மொளகு ரசம் வைக்கலாம்னு டப்பாவத் தொறந்தாங்க. மொளகு இல்ல. "எங்கடா"ன்னாங்க. பாப்பா டயருக்குள்ளன்னேன். அன்னிக்குப் பருப்பு ரசமா வச்சுட்டாங்க.

பின்சக்கரத்தை மட்டும் மொதல்ல எடுத்துக்கிட்டேன். பாரம் பூரா அதுலதான வருது. முன்சக்கரம் அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு வச்சேன்.

கால் பம்புல அடிச்சேன் பாருங்க, தொடை ரெண்டும் கழண்டு போச்சு. டயரு ஒட்டவே இல்ல. இந்தப் பக்கம் அடிச்சா அந்தப் பக்கம் ஸ்ஸ்ஸுங்குது. பெட்ரோல் பங்குக்குத் தூக்கிட்டுப் போனேன். அங்க காத்தடிக்கறவரு, "தம்பி, டியூப மறந்துட்டு வந்துட்ட"ன்னாரு. அதான் வேணாம்னு வந்திருக்கேன்னேன். அவரு அடுத்த வண்டியக் கூப்பிட்டுட்டாரு. பூபதி வீட்டுல பெயிண்டு அடிக்கற பட்டறை இருக்குது, அங்க பெரிய கம்ப்ரஸர் உண்டு. டயரு ஓரமெல்லாம் ஷாம்பூத் தண்ணியத் தடவிட்டு, ஒரே மூச்சுல தொறந்து விட்டோம். டொப்புன்னு ஒரு சத்தம். ஒட்டிருச்சுன்னு நெனச்சுக் கையத் தட்டுனேன். ஒட்டல, பிச்சுக்கிச்சு. பாலு பூரா மேல போயிருச்சுங்ணா. பட்டறை செவுத்துல முருகன் காலண்டரு மாட்டியிருந்தாங்க, அவருக்குத் தலையிலருந்து வேலு வரைக்கும் பாலாபிசேகம். பூபதியோட அம்மா ஓடி வந்தவங்க, நெலமையப் பாக்காம முருகனப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அப்பறம்தான் நாத்தம் மூக்குல ஏறுச்சு. அதுக்கப்பறம் அவங்க சொன்னத உங்ககிட்டச் சொல்ல முடியாது, முன் சீட்டுல பொம்பளைங்க இருக்காங்க.

ஏன் பிச்சுக்கிச்சுன்னு ஒக்காந்து பாத்தேன். ரிம்மு கொஞ்சம் ஒல்லி, டயரு கொஞ்சம் தொளதொள. நடுவுல டேப்ப இன்னும் ரெண்டு சுத்துச் சுத்துனா இறுக்கமாயிரும். சாதா டேப்பு பாலுல ஊறி உரிஞ்சு வந்துருது. அப்பத்தான் மண்டையில அடிச்சுச்சு. அப்பாவோட டேப்பு! மோட்டார் காயிலுக்குச் சுத்துவாங்க பாருங்க, மஞ்சளா, மெல்லிசா, கண்ணாடி மாதிரி. சூடு தாங்கும், எண்ணெய் தாங்கும், தண்ணி தாங்கும். அப்பா பையிலருந்து பாதி ரோல் எடுத்தேன். எங்க ஊரு கெணத்துக்கு அடியில முப்பது வருசம் கெடக்கற டேப்பு, சைக்கிளுக்குள்ள கெடக்காதா? பாதி ரோலு பத்தல. மறுநாள் என்ன பண்றதுன்னு முழிச்சுட்டே வாசலுக்கு வந்தேன், சைக்கிளுக்குப் பக்கத்துல ஒரு புது ரோலு கெடந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு தெரியல. அப்பா பையிலருந்து தவறி விழுந்திருக்கும். நல்ல வேளை அவரு கவனிக்கல, எடுத்துச் சுத்திட்டேன்.

ஒட்டுச்சுங்ணா! ரேஸுக்கு மொத நாளு சாயங்காலம். டொப்பு, டொப்புன்னு ரெண்டு சத்தம், இந்தக் கன்னம் ஒண்ணு, அந்தக் கன்னம் ஒண்ணு. காத்து எறங்காம கம்முனு நின்னுச்சு. காத வச்சுக் கேட்டேன், மூச்சுக்கூட விடல. பாலு ஊத்துனப்பறம் சக்கரத்தைப் படுக்க வச்சு, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி நல்லா ஆட்டணும்பாங்க. பாலு எல்லா எடமும் போயிப் படியறதுக்கு. ஒரு பக்கம் ஆட்டுனேன். அதுக்குள்ள பசங்க கூப்பிட்டாங்க, டீக்கடையில உன் டியூப்லெஸ் கதையக் கேக்க ஆளு நிக்குதுன்னு. இன்னொரு பக்கம் காலையில ஆட்டிக்கலாம்னு போயிட்டேன். அதெல்லாம் ஒரு சம்பிரதாயந்தாங்ணா.

காலையில எந்திரிச்சுப் பாக்கறேன், வீட்டுல ஒருத்தரும் இல்ல. சைக்கிளும் இல்ல. என்ன விட்டுட்டே போயிட்டாங்க. அதையும் நான் மனசுல வச்சுக்கல. பூபதி பைக்குல ஏறிப் போனேன். கடைசி சுத்து ஓடிட்டு இருந்துச்சு. புழுதிக்குள்ளருந்து மொத ஒருத்தி வந்தா, ரெண்டாவது ஒருத்தி வந்தா, அப்பறம் கொஞ்ச நேரம் ஒருத்தரும் இல்ல. அப்பறம் எங்க பாப்பா. மூஞ்சி பூரா மண்ணு. பல்லு மட்டும்தான் வெள்ளை. மூணாவது!

பஞ்சராயி ஓரமா நின்ன பொண்ணுங்க மட்டும் அஞ்சாறு பேரு. நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் போயிச் சொன்னேன், எங்க பாப்பா டயருல குத்துன முள்ளெல்லாம் உள்ள போயிப் பாலக் குடிச்சுட்டுத் தூங்கிருச்சு, அழக்கூட இல்லைன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. பாப்பாகிட்ட ஓடி, எப்படி என் சக்கரம்னேன். அவ என்னப் பாத்து, "ஆமாண்ணா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. நான் எப்படின்னு கேட்டேன், அவ ஆமாங்கறா. களைப்புன்னு நெனச்சேன்.

அன்னிக்குச் சாயங்காலம் அப்பா புரோட்டா வாங்கிட்டு வந்தாரு. எல்லாரும் ஒக்காந்தோம். நான் எப்பவும் போலக் கொஞ்சம் தள்ளி, டிவிக்குப் பக்கமா. அப்பா அம்மாவப் பாக்கல. என்னப் பாத்தாரு. நேராப் பாத்து, "உன் சக்கரம் நின்னுருச்சுடா"ன்னாரு.

என்கிட்டயேங்ணா. நடுவுல ஆளில்லாம.

நான் மூஞ்சி கழுவிட்டு வரேன்னு எந்திரிச்சுப் போனேன். ரொம்ப நேரம் கழுவுனேன். பைப்பத் தொறந்து விட்டுட்டுத்தான் கழுவுனேன், வெளிய கேக்காம இருக்கறதுக்கு. புரோட்டாவுல கொழம்பு காரம், வேற ஒண்ணுமில்ல.

போன் அடிக்குதா? அவதான். அடிக்கட்டும், எடுக்க மாட்டேன். நேர்ல பேசிக்கறேன்.

அதுக்கப்பறம் பாருங்க, பாப்பாகூட ஓட்டற பசங்க சக்கரத்தைத் தூக்கிட்டு வர ஆரம்பிச்சாங்க. எனக்கும் போட்டுக் குடுண்ணா, எனக்கும் போட்டுக் குடுண்ணான்னு. போட்டேன். டேப்பு சுத்தறப்ப ஒரு குமிழி இருந்தாலும் உரிச்சுட்டு மறுபடி சுத்துனேன். ரெண்டு பக்கமும் ஆட்டுனேன், கை ஓயற வரைக்கும் ஆட்டுனேன். ராத்திரி படுத்தா, அந்தச் சக்கரம் நிக்குதா நிக்குதான்னு தோணிட்டே இருக்கும். விடிய முன்னாடி எந்திரிச்சுப் போயி அமுத்திப் பாப்பேன். நான் விடிய முன்னாடி எந்திரிக்கறதப் பாத்து, ஒடம்பு சரியில்லையோன்னு அம்மா நெத்தியத் தொட்டுப் பாத்தாங்க. ஒரு சக்கரமும் எறங்கலீங்ணா. வாலாங்குளத்துப் பக்கமிருந்தெல்லாம் ஆளு வந்துச்சு. பூபதி பட்டறையில ஒரு மூலைய எனக்குன்னு ஒதுக்கி விட்டாங்க. அப்பா வேலை முடிஞ்சு வர்ற வழியில அங்க வந்து நிப்பாரு. நின்னு பாத்துட்டுப் போவாரு.

ஆனா பாப்பா மட்டும் அவ சைக்கிளத் தொட விட மாட்டா. ராசி போயிரும்பா. காத்தும் அவளேதான் அடிச்சுக்குவா. சரி, ரேஸ்காரங்களுக்கு இந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் இருக்கும்னு விட்டுட்டேன்.

இப்ப மாநிலப் போட்டி வருதில்ல. டயருக்குள்ள இருக்கற பாலு ரெண்டு மூணு மாசத்துல காஞ்சு போயிரும், மறுபடி ஊத்தணும். நல்ல கடைப் பாலாவே வாங்கி வச்சேன், நானே சம்பாதிச்ச காசுல. அவளுக்குச் சொல்லாம ஊத்தி வச்சா சந்தோசப்படுவாளேன்னு, அவ கோயிலுக்குப் போன நேரமாப் பாத்துச் சைக்கிளக் கவுத்துனேன். வால்வு மூடியக் கழட்டுனேன். மூடிக்கு அடியில இருந்தது நான் மாட்டுன டியூப்லெஸ் வால்வே இல்லைங்ணா. டயரு ஓரத்தைத் தூக்கிப் பாத்தேன்.

உள்ள டியூபு.

கருப்பா, புதுசுகூட இல்ல, பழைய டியூபு, மூணு ஒட்டு ஒட்டுனது. மஞ்ச டேப்பு மேல சாரைப்பாம்பு சுருண்டு படுத்திருக்கற மாதிரி. என் பாலு அடியில காஞ்சு போயி ஆடை ஆடையாக் கெடக்குது.

அப்படியே ஒக்காந்துட்டேன். மனசுக்குள்ள கணக்குப் போடறேன், இது எப்பப் போட்டது, எப்பப் போட்டதுன்னு. பாப்பா உள்ள வந்தா, நெத்தியில விபூதி. சைக்கிளப் பாத்தா, என்னப் பாத்தா. அங்கயே நின்னுட்டா.

எப்பன்னு கேட்டேன். ரேஸன்னிக்கு விடியக்காலையிலன்னா. எந்திரிச்சுப் பாத்தாளாம், சக்கரம் சப்பையாக் கெடந்துச்சாம். அவளே கழட்டி டியூபப் போட்டாளாம். அப்பா பக்கத்துல லைட்டுப் புடிச்சாராம். அப்பாங்ணா! அப்பா லைட்டுப் புடிச்சிருக்காரு! காலையில டியூபு போடறதுக்கு லைட்டுப் புடிச்ச மனுசன், சாயங்காலம் வந்து என் மூஞ்சியப் பாத்து, உன் சக்கரம் நின்னுருச்சுடாங்கறாரு.

என்ன எழுப்பியிருக்கலாமில்லன்னு கேட்டேன். எழுப்புனாங்களாம். அம்மா வந்து எழுப்புனாங்களாம், அவ வந்து எழுப்புனாளாம், நான் அஞ்சு நிமிசம்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்தேனாம். அப்பா வந்து பாத்துட்டு, விடு தூங்கட்டும்னாராம். அத்தனையும் புளுகு. எனக்குக் கொசு ரெக்கைய விரிச்சாலே முழிப்பு வந்துரும்.

சரி அன்னிக்குத்தான் நேரமில்ல, அப்பறம் ஏன் சொல்லல? இத்தனை மாசம்? அவ தரையப் பாத்துட்டுச் சொன்னா, "சொன்னா நீ இதையும் விட்டுருவண்ணா."

இதையும்னா? வேற எதங்ணா நான் விட்டேன்? நீங்களே சொல்லுங்க. காலேஜு விசயம் சொன்னேன். கொரியர் விசயம் சொன்னேன். மீனு செத்ததுக்கு நான் பொறுப்பா?

அப்பறம்தான் ஒவ்வொண்ணா வெளிய வருது. அம்மாவுக்குத் தெரியும். பூபதிக்குத் தெரியும், பூபதியோட அம்மாவுக்குத் தெரியும். நான் மைதானத்துல ஒவ்வொருத்தராப் புடிச்சு முள்ளு பாலு குடிச்ச கதையச் சொன்னப்ப பூபதி பக்கத்துலயே நின்னு சிரிச்சான் பாருங்க, அவனுக்கு அன்னிக்கே தெரியும். தெருவுல எனக்கு ஒருத்தனுக்கு மட்டும்தாங்ணா தெரியாது.

அப்பாகிட்டப் போனேன். காயில் சுத்திட்டு இருந்தாரு. அன்னிக்கு நீங்க சொன்னது பொய்யாப்பான்னு கேட்டேன். கம்பி அறுந்துரும்னு பாத்தாரோ என்னமோ, சுத்தறத நிறுத்தல. சுத்தி முடிச்சு, நுனியக் கட்டி, வச்சுட்டு நிமுந்தாரு.

"சாப்பிட்டியா?"ன்னாரு.

கேள்வி என்ன, பதில் என்ன பாருங்க. நான் திரும்பி வந்துட்டேன். அன்னிக்கிருந்து நானும் பேசறதில்ல. எங்க வீட்டுல இப்ப அம்மாவுக்கு ஓவர்டைம்.

மத்ததெல்லாம் போகட்டும். ஊரு சிரிச்சது போகட்டும். அப்பா சொன்ன அந்த ஒரு வார்த்தைய வச்சுத்தாங்ணா நான் அத்தனை சக்கரமும் போட்டேன். அது கள்ள நோட்டுன்னு தெரிஞ்சப்பறம், அத வச்சு வாங்குனதெல்லாம் என்னத்துக்கு ஆகும்? பட்டறைப் பக்கம் போகல. ஆளு வந்தா இல்லைன்னு சொல்லச் சொல்லிட்டேன்.

பாப்பா முந்தாநேத்தே திருச்சிக்குக் கெளம்பிப் போனா, டீமோட. வாசல்ல நின்னு, போயிட்டு வரேண்ணான்னா. நான் தூங்கற மாதிரி படுத்திருந்தேன். கொஞ்ச நேரம் நின்னா. அந்த மூணு ஒட்டு டியூபோடதான் போறா.

நேத்து அவகூடப் போன பையன் ஒருத்தன் போட்டோ அனுப்பியிருந்தான், ரேஸு நடக்கற எடத்த. காஞ்ச ஏரிங்ணா. சுத்தியும் சீமைக் கருவேலம், தரையில மஞ்ச மஞ்சளா நெருஞ்சிப் பூவு. பாத்துட்டுப் போன வச்சேன். மறுபடி எடுத்துப் பாத்தேன். நேராப் பூபதி வீட்டுக்குப் போயி அவன் சைக்கிள்ல பின்சக்கரத்தைக் கழட்டிட்டேன். ரெண்டு சைக்கிளும் ஒரே மாடலு, ஒரே ஆளுகிட்ட வாங்குனது, அப்படியே பொருந்தும். கேக்கவெல்லாம் இல்ல. அவன் மட்டும் என்கிட்டக் கேட்டுட்டா சிரிச்சான்? பழசெல்லாம் உரிச்சுட்டுப் புது டேப்பு, புதுப் பாலு, எல்லாம் புதுசு. முடிச்சுட்டு அது பக்கத்துலயே பாயப் போட்டுப் படுத்தேன். ஒரு பொட்டுக் காத்து எறங்கல.

சாயங்காலம் சைக்கிளயெல்லாம் பரிசோதனைக்கு விடணுமாம். அதுக்குள்ள போயிருவேன். போயி அவ முன்னாடி இத வச்சுட்டு ஒரே வார்த்தை. நாளைக்கு இதப் போட்டு ஓட்டு. இல்லைன்னா இனிமே என்ன அண்ணான்னு கூப்பிடாத. அவ்வளவுதான். இத்தனை பேரு முன்னாடி என்ன ஏமாத்துனாங்கல்ல, அத்தனை பேரு முன்னாடியும் இது ஓடணும். நெஜமாவே நின்னுச்சுன்னு அவ வாயால வரணும்.

போடுவாளாங்ணா? நீங்க என்ன நெனைக்கறீங்க?

வெள்ளக்கோயில் தாண்டிட்டமா. பசிக்குதுங்களா? அந்தப் பையத் தொறங்க, அம்மா முறுக்கு வச்சு விட்டிருக்காங்க. அடியில டப்பா இருக்கும் பாருங்க. அது இல்லைங்ணா, அந்த அட்டைப் பொட்டிய விடுங்க. அதுல முறுக்கு இல்ல. அது டியூபு.

புதுசுதான். நேத்து வாங்குனேன். நல்ல கம்பெனி.

அது சும்மாங்ணா. ஒரு இதுக்கு. பஸ்ஸுல குலுங்கிட்டு வருது, வெயிலு வேற, என்னதான் நாம சரியாப் போட்டாலும் காத்துங்கறது நம்ம சொல்பேச்சுக் கேக்கற பொருளா? நாளைக்கு விடியக்காலையில எந்திரிச்சு ஒருதடவ அமுத்திப் பாப்பேன். நின்னுச்சுன்னா சரி. கொஞ்சம் எறங்குன மாதிரி தெரிஞ்சுச்சுன்னா, அவ எந்திரிக்கறதுக்குள்ள சத்தமில்லாம இத உள்ள போட்டு மாட்டிருவேன். எனக்குப் பத்து நிமிச வேலை. லைட்டுகூட வேண்டாம், போனுல இருக்குது.

அவகிட்டயா? அவகிட்ட எதுக்குங்ணா சொல்லணும்? டியூப்லெஸ்ஸுன்னு நெனச்சுட்டே ஓட்டட்டும். ஓட்டப் போற நேரத்துல சக்கரம் நிக்கலைன்னு சொன்னா அந்தப் புள்ளைக்கு மனசு விட்டுப் போயிராதா? நாமதான பாத்துக்கணும். எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்க முடியுமா?

முறுக்கு எடுத்துக்கங்க. இன்னொண்ணு எடுத்துக்கங்க, நெறைய இருக்குது. ஏங்ணா அப்படிப் பாக்கறீங்க?